நரம்பு அல்ல, சிரை

நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று என் மனைவி ஊரெல்லாம் எச்சரித்து வைத்திருக்கிறாள். தாராளமாகத் தள்ளுங்கள். மிச்சமிருக்கும் பாதியே உங்களைக் கால் நீட்டிப் படுக்க விடாது.

முப்பத்தோரு வருடம் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையில் வேலை பார்த்தவன் நான். பிணங்களைக் கழுவுவேன், பதப்படுத்துவேன், மாணவர்கள் கத்தி வைப்பதற்கு முன் இரத்தக் குழாய்களில் சாயம் ஏற்றுவேன். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம். அந்த அறையின் ஃபார்மலின் வாடைக்கு, ஜன்னலில் வந்து உட்காரும் காக்கைகூடத் தும்மிவிட்டுத்தான் பறக்கும். குளிரோ, உள்ளே சொன்ன பொய் வெளியே வந்த பிறகுதான் உருகும்.

அந்த ஆள் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியில் வந்து சேர்ந்தார். காவலாளி உடுப்பு. ரோட்டில் மயங்கி விழுந்து இறந்தவர். பெயரோ விலாசமோ கிடைக்கவில்லை, பத்து நாளாக யாரும் தேடி வரவும் இல்லை. பிணவறையில் கையெழுத்துப் போட்டு எங்களிடம் தள்ளிவிட்டார்கள். துணியை விலக்கியதும் எங்கள் பேராசிரியர் புது மாப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

இடது காலைப் பார்த்துத்தான். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, தோலுக்கடியில் கயிற்றை முடிச்சு முடிச்சாகத் திணித்து வைத்தது போலிருந்தது.

எங்கள் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘சிரை சார்’. ஊரில் எல்லோரும் கையில் தெரிகிற நீலக் கோட்டை நரம்பு என்றுதானே சொல்கிறோம்? அவர் முன்னால் சொல்லிப் பாருங்கள், அன்று முழுக்க நிற்கத்தான் வேண்டும். நரம்பு சேதி கொண்டு போவது, சிரை இரத்தத்தை வீடு திரும்ப வைப்பது என்பார். தமனியில் இதயம் தள்ளிவிடும். திரும்பி வருகிற இரத்தத்துக்கு அந்தச் சொகுசு கிடையாது. நடக்கும்போது ஆடுசதை பிழிந்து பிழிந்து மேலே ஏற்ற வேண்டும். ஏறியது கீழே விழாமலிருக்க, சிரைக்குள் இடைவெளி விட்டு விட்டுச் சின்னக் கதவுகள், இதயத்தின் பக்கம் மட்டுமே திறப்பவை. நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்பவருக்குப் பாரம் தாங்காமல் அந்தக் கதவுகள் கெட்டுப்போகின்றன. இரத்தம் தேங்கி, சிரை வீங்கிச் சுருள்கிறது. யாருடைய வாசலையோ காத்துக் காத்துத் தன் கதவுகளைக் கெடுத்துக்கொண்ட மனிதர் அந்தக் காவலாளி.

“வெள்ளிக்கிழமை கல்லூரியைப் பாக்க பெரிய ஆளுங்க வராங்க. இந்தக் கால் ஜாடியில நிக்கணும்” என்றார் சிரை சார்.

மத்தியானம் பாதத்துச் சிரையில் ஊசியைச் செருகி, நீலக் குப்பியை மேலே மாட்டினேன். குழாயின் திருகை இன்னும் திறக்கவில்லை.

குப்பியில் சாயம் குறைந்தது.

திருகைத் தொட்டுப் பார்த்தேன். இறுக மூடித்தான் இருந்தது. நீலம் கணுக்காலைத் தாண்டி, முடிச்சு முடிச்சாக நிரப்பிக்கொண்டு மேலே போனது. தேங்கவில்லை. திரும்பவில்லை. கெட்டுப்போன கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு அதைத் தாங்கின.

பிறகு ஆடுசதை இறுகியது.

தளர்ந்தது. மறுபடி இறுகியது. பத்து நாள் செத்த கால், எங்கோ நடந்து போவது போல.

அப்போதுதான் கதவை யாரோ தட்டினார்கள்.

திறந்தால் ஒரு அம்மாள், கையில் கசங்கிய துண்டுச் சீட்டு. அவர் குரல் எழும்பவே இல்லை. “என் வீட்டுக்காரர் வாட்ச்மேன் வேலை பாக்குறார். பத்து நாளா காணோம். எடது கால்ல நரம்பு சுருண்டுக்கிட்டு இருக்கும். அப்படி யாராவது இங்க வந்தாங்களாண்ணா?”

என் முதுகுக்குப் பின்னாலிருந்து சிரை சார் மெல்லச் சொன்னார்: “கால் போச்சுன்னா உன் வேலையும் போச்சு.”

நான் யோசித்த நேரம் ஒரு கொட்டாவி விடக்கூடப் போதாது.

“நரம்பு சுருண்டவங்க யாரும் இங்க இல்லம்மா. நரம்பு வார்டு எதிர்க் கட்டிடத்துல, மூணாவது மாடி. அங்க கேட்டுப் பாருங்க.”

ஒரு சொல்கூடப் பொய் இல்லை, கவனித்தீர்களா? எனக்கே என் சாமர்த்தியம் இனித்தது. அந்த அம்மாள் கும்பிட்டு, வந்தால் சொல்லுங்கள் என்று விலாசம் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். சிரை சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும்தான்.

மேசைக்குத் திரும்பினேன். ஆடுசதை அசையவில்லை. நீலம் தொடை வரை வந்து நின்றுவிட்டிருந்தது. இதயத்துக்கு ஒரு முழம் பாக்கி.

அன்று மாலையே தொடையில் அறுத்தோம். வெள்ளிக்கிழமை கால் ஜாடியில் நின்றது. வந்தவர்கள் பாராட்டினார்கள். மீதி உடம்பை, கேட்பார் யாருமில்லை என்று எழுதி, எரித்தார்கள்.

ஓய்வு பெற்ற அன்று மேசையைக் காலி செய்தபோது அந்த அம்மாள் கொடுத்த சீட்டு கையில் தட்டுப்பட்டது. உள்ளதைச் சொல்லிவிடுவோம், ஜாடியாவது அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று மறுநாள் காலை கிளம்பினேன். மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. என் தலை முழுக்க நரைத்திருந்தும், அந்த அம்மாள் பார்த்தவுடன் கண்டுகொண்டார்.

“நரம்பு வார்டுக்கு வழி சொன்ன அண்ணன்தானே? உக்காருங்க.”

எப்படி ஆரம்பிப்பது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்க, அவரே சொன்னார். “அவர் அன்னிக்கு சாயங்காலமே வந்துட்டார்ண்ணா.”

“யாரு?”

“எங்க வீட்டுக்காரர்தான். தெனமும் வரார். உள்ள வாங்கன்னா கேக்கறதில்ல. ஒத்தக்கால்ல நிக்கிறார்.”

பிடிவாதக்காரரைச் சொல்கிற பேச்சுத்தானே என்று நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எடது காலு எங்கன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கிறார். ஒங்களுக்குத் தெரியுமாண்ணா?”

அறையில் ஃபார்மலின் வாடை வந்தது.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இதில் பாதியைக்கூடத் தள்ளாதீர்கள். ஆனால் வெளியே வந்தது, “தெரியாதும்மா.”

அவர் தலையாட்டினார். என்னைப் பார்த்து அல்ல, என் தோளுக்குப் பின்னால் பார்த்து.

தெருவில் இறங்கி நடந்தேன். எனக்குப் பின்னால் ஒரு சத்தம். தொப். ஒரு மூச்சு இடைவெளி. தொப். திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் வாசல் சிமெண்டில் ஈரமாய் ஒரே ஒரு காலடி. வலது கால். விரல்கள் வீட்டைப் பார்த்து.

நேற்று வரை அது படிக்கு வெளியே இருந்தது.

இன்று உள்ளே இருக்கிறது.