டிரைவர் உட்கார்ந்த பெஞ்சு

உளுந்தூர்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பழைய கடைத்தெரு. அதற்குப் புது வளைவு வைத்தார்கள். 'வடைத்தெரு உங்களை வரவேற்கிறது' என்று அதில் கொட்டை எழுத்து. கடைகளுக்கெல்லாம் ஒரே மஞ்சள் வண்ணம். வியாபாரிகள் சங்கத் தலைவர் ஜெயப்பிரகாஷ் வளைவின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் ஆயிற்று. ஈ காக்கைகூட வரவில்லை.

கோகிலவாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருமுனை வடைக்கடை அவளுடைய அப்பா இளஞ்செழியனுடையது. இனியும் வியாபாரம் இல்லையென்றால், கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

"நான் வர மாட்டேன்பா."

"ஆறாவது படிக்கிற புள்ள, தனியா இருந்துக்கினு இன்னா பண்ணுவ?"

"கடைய நடத்துவேன்."

அப்பா சிரிக்கக்கூட இல்லை.

"லைட்டு கம்மி. அதான் யாரும் வரல" என்றார் ஜெயப்பிரகாஷ்.

கோகிலவாணிக்கு அதில் நம்பிக்கை இல்லை. வராதவர்களையே கேட்டுவிட்டால் என்ன? சனிக்கிழமை காலை நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். அங்கே நின்ற ஒரு பேருந்தில் ஜன்னலோரம் குழந்தையோடு இருந்த அக்காவிடம் கேட்டாள்.

"வாசனை மூக்கத் தொளைக்குது பாப்பா. ஆனா நான் வடை தின்னுக்கினு இருக்கசொல்ல வண்டிய எடுத்துட்டா? புள்ளையத் தூக்கிக்கினு எப்பிடி ஓடறது?"

அடுத்தடுத்த பேருந்துகளிலும் இதே பதில்தான். ஒரே ஒருவர் மட்டும் நிலையத்து டீக்கடையில் நிதானமாக டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

அவர் பக்கத்தில் நின்ற காக்கிச் சட்டையை முகவாயால் காட்டினார். "டிரைவரே இங்கதான் கீறாரு. அவர விட்டுட்டு வண்டி தானா போயிடுமா?"

கோகிலவாணி ஒரே ஓட்டமாகக் கடைக்கு ஓடினாள். உள்ளே கிடந்த பெஞ்சைத் தரதரவென்று இழுத்துவந்து வளைவின் கீழே போட்டாள்.

"ஏ புள்ள, எடு எடு!" என்று பதறினார் ஜெயப்பிரகாஷ். "போட்டோவுல பெஞ்சு தெரியுமே!"

"இப்ப போட்டோவுல ஆளே இல்லாத தெருதானுங்க தெரியுது. இங்க டிரைவருங்க உட்காரட்டும். பஸ்ஸுல இருக்கறவங்களுக்கு நல்லாத் தெரியும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே தம் துணிக்கடைக்குப் போனார்.

முதலில் கூப்பிட்ட டிரைவர் நேரமில்லை என்றார். அடுத்தவர் விரட்டியே விட்டார். கோகிலவாணி நகரவில்லை. திருச்சி வண்டியின் டிரைவர் கண்ணாயிரம் இறங்கியதும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"என் வண்டி எப்பவும் என் கண்ணுல படணும் பாப்பா."

"படும்ணே. நானே உட்கார்ந்து பார்த்துட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். சுடச்சுட ஒரு வடையைக் கடித்தார்.

பேருந்துக்குள் ஒருவர் கழுத்தை நீட்டினார். "டிரைவர் எங்கப்பா?"

"தோ, வளைவாண்ட வடை துன்றாரு."

"அப்ப நானும் போறேன்!"

ஒருவர் இறங்கினார். பின்னாலேயே பாதி பேருந்து இறங்கியது. வடை வாங்கியவர்கள் பக்கத்துக் கடைகளில் பூவும் வளையலும் வாங்கினார்கள். கூட்டத்தைப் பார்த்து மற்ற டிரைவர்களும் வந்தார்கள். உட்கார இடமில்லை.

ஜெயப்பிரகாஷ் தம் துணிக்கடையிலிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பாப்பா, இத எங்க போடறது?"

அப்போது அப்பாவின் போன் அடித்தது. பனியன் கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் திருப்பூர் மேஸ்திரி. அப்பா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வடையைத் திருப்பிப் போட்டார்.

"இல்லீங்க, நாங்க வரல. இங்கயே ஆளு பத்தல. உங்களாண்ட யாராச்சும் இருந்தா அனுப்புங்களேன்!"