எட்டாம் படி

மூன்றாவது தடவையும் மூளையை அளக்கும் மதிமானி 'நான்காம் படி' என்றுதான் காட்டியது. கவின் அதன் நெற்றிப் பட்டையைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்தான். கடைக்காரரே அறிவைக் குறைத்து எடைபோட்டுவிட்ட மாதிரி அவரை முறைத்தார் அவன் அப்பா பரஞ்சோதி.

"ஏழாம் படி லேப்டாப் இல்லேன்னா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிளாஸ்ல உக்காரவே விட மாட்டாங்கண்ணே. சீட்டு வாங்கியாச்சு."

"நான் என்ன செய்யட்டும்? மெஷின் சொல்றதத்தான் விக்க முடியும்."

முந்தைய தலைமுறை மடிக்கணினிகள் கேட்டதையெல்லாம் தாமே எழுதிக் கொடுத்து, பாலம் கட்டத் தெரியாத பொறியாளர்களை ஊர் முழுக்க நிரப்பியிருந்தன. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. வாங்கும்போதே மதிமானி மாணவர் யோசிக்கும் போக்கைப் பதிந்து கணினிக்குள் வைத்துவிடும். பாடமோ தேர்வோ வேலையோ, கணினி பாதி வரை செய்துவிட்டு நிற்கும். மீதியை அதே போக்கில் யோசிக்கிறவரால்தான் முடிக்க முடியும். ஏமாற்றவே வழியில்லை என்றது அரசு. அரசு தடுக்கில் பாய்ந்தால் நம் ஆட்கள் கோலத்தில் பாய்வார்கள் என்பது அதற்குத் தெரியாது.

கடைக்காரரின் பார்வை ஓரமாக நின்ற எழிலரசி மேல் போனது. கவினின் அக்கா. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாக வந்தவள். பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும் என்று மருந்துக்கடை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். படிவம் நிரப்பத் தெரியும் என்பதற்காக இன்றைக்குக் கூட வந்திருந்தாள்.

பட்டை அவள் நெற்றிக்கு மாறியது. எட்டாம் படி.

பரஞ்சோதியின் முகம் மலர்ந்தது. அது தனக்காகத்தான் என்று ஒரு நொடி எழில் நம்பினாள்.

"இவ மனசை எடுத்து அவன் பேர்ல போட்டுருங்கண்ணே."

"அப்ப நான் எப்பப்பா படிக்கிறது?"

"தம்பி முடிக்கட்டும்மா. அடுத்து உன்னைத்தான் சேக்கப் போறேன். அப்பா சொன்னா சொன்னதுதான்."

நான்கு வருடம் ஓடியது. தேர்வுகளும் வீட்டிலிருந்தேதான். கணக்கு பாதியில் நிற்கும், கவின் "அக்கா" என்பான், மருந்துக்கடையிலிருந்து வந்தவள் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு உட்காருவாள். திரையில் தன் மனசே எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். அந்தச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கவின் முதல் வகுப்பில் தேறினான். பெரிய நிறுவனம் ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தே வேலை, அதே கணினியில்.

அப்பாவுக்கு அவர் சொன்ன சொல்லை நினைவூட்டி அலுத்துப்போய், எழில் தானே பல்கலைக்கழகத்தில் சேரப் போனாள். பட்டையை மாட்டியதும் மதிமானி அலறியது.

'இந்த மனம் ஏற்கெனவே பட்டம் பெற்றுவிட்டது. உரியவர்: ப. கவின்.'

ஆள்மாறாட்டம் என்றார் அதிகாரி. அப்பாவையும் தம்பியையும் வரவழைத்தார்.

"பட்டம் வாங்குனவங்கள மறுபடி அளக்க விதியில்ல. இது உங்க பையன் மனசா, இந்தப் பொண்ணோடதா? தெளிவாச் சொல்லுங்க. பொண்ணோடதுன்னா பையன் பட்டம் செல்லாது."

கவின் தரையைப் பார்த்தான். எழில் அப்பாவைப் பார்த்தாள்.

"பையனோடதுதான் சார்," என்றார் பரஞ்சோதி. "இவ பக்கத்துலயே உக்காந்து பாத்துப் பாத்து, அவன மாதிரியே யோசிக்கப் பழகிட்டா."

உத்தரவு அங்கேயே அச்சாகி வந்தது. எழிலரசி இனி எந்தக் கல்லூரியிலும் சேரக் கூடாது. கவினின் கணினியைத் தொடக் கூடாது. பரஞ்சோதி அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை நிறுவனத்தின் முதல் வேலை திரைக்கு வந்தது. பாதி வரை ஓடி நின்றது.

"அக்கா," என்றான் கவின்.

எழில் மருந்துக்கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பரஞ்சோதி வாசலுக்கே ஓடி வந்தார்.

"ஒரு நிமிசம் பாத்துக் குடுத்துட்டுப் போ தாயி. வீட்டுக்குள்ள நடக்குறது யாருக்குத் தெரியப் போகுது?"

"அது தம்பியோட மனசுதானேப்பா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க," என்றாள் எழில். "அவனையே யோசிக்கச் சொல்லுங்க."