காற்றுமறைவு

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல சைக்கிளின் கைப்பிடியிலேயே ஒரு கருவி இருக்கிறது. டெல்சியா அதை நம்புவதில்லை. ஏறுவதற்கு முன் ஒருமுறை துப்பிப் பார்ப்பாள். அன்று அவள் துப்பியது அவள் காலிலிருந்த சப்பாத்திலேயே வந்து விழுந்தது.

"மேற்குக் காத்து," என்றாள். "போற வழி முழுக்க மூஞ்சியிலைதான்."

ஆளில்லாத ஒரு பிரெஞ்சு ஊரின் சதுக்கத்தில் நின்று போத்தல்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தோம். பேக்கரியின் பெயர்ப்பலகை மட்டும் மிச்சமிருந்தது. தேவாலயத்தின் கதவைக் கொடி மூடியிருந்தது. கல்தொட்டிக் குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. ஊற்றுக்கு ஊர் காலியான செய்தி தெரியாது. எங்கள் வேலைநாட்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

டெல்சியாவும் நானும் தடக்காரர்கள். சாலைகளைச் சைக்கிளில் ஓட்டி உயிரோடு வைத்திருப்பதுதான் தொழில். அதற்கு முன் நான் பாரிஸ் புறநகரில் ஒரு கிடங்கில் இரவு முழுக்க இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே இயந்திரம் என்னைப் பார்க்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

வண்டிகள் தரையை விட்டுப் போய் நாற்பது வருடமாகிறது. மனிதர்கள் காற்றூர்தியில் போகிறார்கள், சாமான்கள் ட்ரோனில் போகின்றன. பிறகு நாட்டுப்புறத்துத் தார்ச்சாலை எதற்கு? அரசு அதைத்தான் கேட்டது. பதிலாகக் கால்வலுச் சட்டம் வந்தது. ஒரு சாலை வேண்டும் என்றால், ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு வெவ்வேறு மனிதர்கள் அதைத் தங்கள் சொந்தக் காலால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓட்டிக் காட்ட வேண்டும். ஒருவர் போனால் அது அவருடைய விருப்பம், இருவர் போனால்தான் அது பாதை என்று சட்டத்தின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டார். ஆனாலும் நல்ல வரி.

ஓட்டாத சாலையை வேர்க்கலப்பை வந்து உழுதுவிடும். தாரைப் பெயர்த்து விழுங்கி, பின்னால் மரக்கன்றை நட்டுக்கொண்டே போகும் பெரிய இயந்திரம் அது. சாலை போனால் அதன் முடிவில் இருக்கும் வீடும் சட்டப்படி காடாகிவிடும். வீட்டுக்காரர் நகரத்து அடுக்குமாடியில் ஒரு அறைக்குப் போக வேண்டும். சாலை முடிவில் குடியிருப்பவர் தன் சாலைக்குத் தானே ஓட்ட முடியாது; சொந்த வழக்குக்குச் சொந்தச் சாட்சி செல்லாது.

அன்று பருவத்தின் கடைசி நாள். நாங்கள் ஓட்ட வேண்டியது லிமூசன் மேட்டுநிலத்தில் ரூஷ்பேர் என்ற இடத்துக்குப் போகும் இருபது கிலோமீட்டர் சாலை. அதன் முடிவில் ஒரே ஒரு வீடு. அதில் ஆடு வளர்த்துப் பாற்கட்டி செய்கிற ஒரே ஒரு பெண். பெயர் மெர்லின். டெல்சியாவின் அக்கா.

இருவரும் எட்டு வருடமாகப் பேசுவதில்லை. டெல்சியா பருவத்துக்கு ஒருமுறை அந்தச் சாலையை ஓட்டுவாள், அக்காவின் வாசலில் சக்கரத்தைத் தொட்டுத் திருப்புவாள், இறங்காமல் போய்விடுவாள். ஏன் ஓட்டுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். அவ அடுக்குக்கு வந்தால் எங்கடை அடுக்குக்குத்தானே வருவா என்றாள்.

எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பதிலுக்கு ஆள் இல்லை. தடக்காரர்கள் குறைவு, சாலைகள் அதிகம். கடைசி நாளில் எல்லோரும் எங்காவது ஒரு மேட்டில் மூச்சுவாங்கிக்கொண்டிருப்பார்கள்.

சாலை தொடங்கும் பாலத்தருகே வேர்க்கலப்பை ஏற்கெனவே வந்து நின்றது. அதற்கு அவசரமும் இல்லை, பகையும் இல்லை. சூரியன் மறைந்ததும் வேலையைத் தொடங்கும், அவ்வளவுதான். அதைத் தாண்டி நாங்கள் பாலத்தில் ஏறியபோது தாருக்கடியில் இருக்கும் தடச்செவி எங்களைக் கேட்கத் தொடங்கியது.

தடச்செவி எதைக் கேட்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மனிதக் கால் தள்ளும் விசை ஒரே சீராக இருக்காது. ஒவ்வொரு மிதிக்கும் ஏறி இறங்கும். மோட்டார் அப்படித் துடிக்காது. அந்தத் துடிப்பை வைத்துத்தான் செவி மனிதனை அறிகிறது. துடிப்பு பலவீனமாக இருந்து சக்கரம் மட்டும் வேகமாகப் போனால், எங்கோ திருட்டு உதவி இருக்கிறது என்று தள்ளிவிடும். பழைய செவிகள் மந்தமானவை. அந்தக் கோடையில்தான் எல்லா இடத்திலும் புதிய செவிகளைப் பதித்திருந்தார்கள். நடுவில் காலை ஊன்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற விதி மட்டும் பழையதுதான்.

முதலில் ஏற்றம். பீச் என்ற காட்டு மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். காட்டுக்குள் காற்று இல்லாததால் காய்ச்சலோடும் சமாளித்தேன். மேலே போய் மரங்கள் முடிந்து, இருபக்கமும் புதரும் ஈரப்புல்லுமாகத் திறந்துகொண்ட இடத்தில் மேற்குக் காற்று மார்பில் கைவைத்துத் தள்ளியது. டெல்சியா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் பின்தங்கினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து, முழங்கையை ஒருமுறை அசைத்தாள். நான் போய் அவளுடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

சைக்கிள்காரர்களுக்கு இது மூச்சுவிடுவது போல. வலு இருப்பவர் முன்னால் காற்றைப் பிளப்பார். வலு இல்லாதவர் அந்த மறைவில் வருவார். கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. இதைக் காற்றுமறைவு என்போம். மறைவில் வருபவரின் மிதி லேசாகிவிடுவதால், செவி கேட்கும் சாலையில் இடைவெளி விட்டுப் போகச் சொல்லி கோடையில் அறிவிப்பு வந்தது. இருவரும் படித்தோம். படித்தது தலைக்குப் போனது, கால்களுக்குப் போகவில்லை. பத்து வருடமாக அவளுடைய முதுகைப் பார்த்தே ஓட்டியவன் நான். அந்த முதுகுக்குப் பின்னால் காய்ச்சல்கூடக் குறைந்தது போலிருந்தது.

ரூஷ்பேரில் வாசலுக்கு எதிரே ஒரு கருங்கல் கம்பம். அதில் ஆளுக்கு ஒன்றாக இரண்டு விளக்குகள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்று எரிந்தது. மற்றது எரியவில்லை.

"உன்ரைதான் எரியேல்லை," என்றாள் டெல்சியா. பிறகு தன் முழங்கையைப் பார்த்தாள், அது வேறு யாருடையதோ என்பது போல. "நான்தான் கெடுத்தன்."

நானும்தான் என்றேன். அந்த நேரத்தில் அது யாருக்கும் பயன்படவில்லை.

மெர்லின் கொட்டிலிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கட்டையான, உறுதியான உடம்பு. விளக்கைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்க்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். திரும்பப் பாலத்துக்கு இறங்கி, இந்தமுறை தனியாக ஏறிவருகிறேன், நேரம் இருக்கிறது என்றேன்.

"தம்பி, உங்களுக்கு நெருப்பாய்க் காயுது. பாத்தாலே தெரியுது," என்றார். "விடுங்கோ. நான் ஆடுகளை ஆரிட்டையாவது குடுத்திட்டுப் போறன்."

"அடுக்கிலை நீங்கள் ஒரு கிழமை இருக்கமாட்டியள் அக்கா," என்றேன்.

"ஒரு கிழமையோ? ஒரு நாள்."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. தான் வளர்ந்த அடுக்கின் நாற்பத்தோராம் மாடியில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவதைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடித்துத்தான் இங்கே வந்தவர் என்று டெல்சியா சொல்லியிருந்தாள். இந்த வீட்டைத் தவிர அவருக்குப் போக இடமில்லை. இதைத் தவிர எங்கும் அவர் இருக்கவும் முடியாது.

டெல்சியா தானும் கீழே வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவள் பக்கத்தில் இருந்தால் என் சக்கரம் தானாக அவளுடைய சக்கரத்தைத் தேடிப் போகும். அது அவளுக்கும் தெரியும். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அக்காவின் வாசலில், எட்டு வருடத்தில் முதல்முறையாகக் காலை ஊன்றி நின்றாள்.

கீழே போவது சுலபம். காற்று முதுகில். பாலத்தில் திரும்பியபோது வேர்க்கலப்பையின் நிழல் சாலையின் அகலத்தில் முக்கால்வாசி வரை நீண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினேன்.

காட்டுக்குள் பரவாயில்லை. வெளியே வந்ததும்தான் தெரிந்தது, பத்து வருடமாக இந்தக் காற்றை நான் சந்தித்ததே இல்லை என்று. அவள் சந்தித்ததில் மிஞ்சியதுதான் எனக்கு வந்துகொண்டிருந்தது. காற்று எதற்கும் நிற்கவில்லை. தலையைத் தாழ்த்தினால் தோளைப் பிடித்தது, தோளைச் சுருக்கினால் சக்கரத்தைப் பிடித்தது. ஓரிடத்தில் வாந்தி வந்தது. காலை ஊன்ற முடியாது. தலையை மட்டும் திருப்பினேன். பாதி என் தோள்மீதே வந்தது. மிதிப்பதை நிறுத்தவில்லை.

ஒரு கட்டத்தில் எதையும் நினைக்காமல் போனேன். வலது, இடது. என் காலின் ஒவ்வொரு தள்ளலையும் தாருக்கடியில் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. அது என்மீது அன்பில்லாதது, வெறுப்பும் இல்லாதது. அதனால் அதனிடம் கெஞ்ச வேண்டியதில்லை. தள்ளினால் போதும். எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது, இதை நான் முடிப்பேன் என்று. மெதுவாக, அசிங்கமாக, ஆனால் முடிப்பேன்.

சூரியன் புதர்களின் விளிம்பைத் தொட்டபோது ரூஷ்பேரின் கூரை தெரிந்தது. அதைவிட முன்னதாகச் சத்தம் கேட்டது. அக்காவும் தங்கையும் வாசலில் நின்று உச்சக்குரலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் செத்தவீட்டுக்கு வரவில்லை என்றாள் ஒருத்தி. சொன்னால்தானே வருவதற்கு என்றார் மற்றவர். ஆடுகள் வேலியோரம் கூட்டமாக நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தன. நான் கம்பத்தைத் தாண்டினேன், இரண்டாவது விளக்கு எரிந்தது, சைக்கிளோடு புல்லில் சரிந்தேன். இருவரும் கவனிக்கவில்லை. சண்டையில் ஒரு இடைவெளி விழும்வரை காத்திருந்து, தண்ணீர் கேட்டேன்.

பாலத்தருகே நின்ற வேர்க்கலப்பை அன்றிரவு திரும்பிப் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. வேறு எங்கோ வேறு யாருடைய சாலையையோ உழுதிருக்கும்.

அடுத்த பருவம் முடிவதற்குள் எல்லாத் தடக்காரர்களும் எங்களைப் போலவே ஒருமுறையாவது தவறியிருந்தார்கள். ஒன்றாகத் தொடங்கினால் கால்கள் ஒட்டிக்கொள்கின்றன. எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. அதனால் இப்போது எதிரெதிர் முனையிலிருந்து தொடங்குகிறோம். டெல்சியா முந்தின நாளே காற்றூர்தியில் ரூஷ்பேருக்குப் போய் இறங்கி, அக்கா வீட்டில் தூங்குகிறாள். அங்கே தூக்கம் எங்கே, விடியும்வரை வாக்குவாதம்தான் என்கிறாள். ஆனாலும் போகிறாள். நான் பாலத்திலிருந்து ஏறுகிறேன், அவள் மேலேயிருந்து இறங்குகிறாள். பத்து வருடம் பார்த்த முதுகை இப்போது சாலையில் பார்ப்பதில்லை. மேட்டுநிலத்தின் நடுவில் எங்கோ ஒரு இடத்தில், நிற்காமல், எதிரெதிராகக் கடக்கிறோம்.

அந்த நேரத்தில் ஒரு வாக்கியத்துக்குத்தான் இடமிருக்கும். நலம் விசாரிப்பதற்கோ பகிடிக்கோ அதை வீணாக்கினால் அடுத்தது அடுத்த பருவத்தில்தான். சென்ற வாரம் கடந்தபோது அவளுடைய முகம் சிவந்து கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால், சாலையோரக் கற்சிலுவைக்கு அப்பால் இருந்த காற்றை அவள் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"சிலுவையடி தாண்ட இடப்பக்கத்தாலை அடிக்கும்," என்று கத்தினாள். "இப்பவே குனி."

குனிந்தேன்.