ஆலடிக் குளத்தில் பவழ வேட்டை

"சீச்சீ! இதுக்குள்ளயா எறங்கணும்?"

ஆலடிக் குளத்தின் கடைசிப் படியில் நின்றுகொண்டு ஆவுடைச்செல்வி மூக்கைப் பொத்தினாள். பதின்மூன்று வயது. ரசத்தில் கறிவேப்பிலை மிதந்தாலே தட்டைத் தள்ளி வைக்கிற பெண். அவள் முன்னால் கிடந்ததோ, கழுவ ஆளில்லாமல் ஊறிப்போன கழனிப்பானை மாதிரி ஒரு குளம். சித்திரை வெயிலில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியிருந்தது. மேலே தடித்த பச்சைப் பாசி. பாசியின் மேல் ஒரு செத்த தவளை வயிறு உப்பி மல்லாந்து கிடந்தது. அந்த வயிற்றின் மேல் ஒரு ஈக் கூட்டம் சபை கூட்டியிருந்தது. உவ்வே!

"மணி ஏழாச்சு. பன்னெண்டுக்கு உச்சிக்கொடை. இப்படியே நின்னுக்கிட்டு இருந்தா பூங்கனியக்கா சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணி முடிச்சிருவாவ. எறங்குட்டி!" என்றாள் ஜெபசீலி.

ஜெபசீலி ஆவுடையின் வகுப்புத் தோழி. புழு, பூச்சி என்றால் அவளுக்கு அல்வா. அறிவியல் கண்காட்சியில் பரிசாகக் கிடைத்த, சட்டைப் பையில் அடங்குகிற ஒரு கையேடு அவளிடம் இருந்தது. குளத்தில் வாழும் அறுபது உயிர்களின் படமும் விவரமும் உள்ள புத்தகம். கண்டுபிடித்ததையெல்லாம் பென்சிலால் 'டிக்' போட்டு வைத்திருந்தாள். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அந்தப் புத்தகமே ஒரு குளத்து உயிர் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மூன்றாவது ஆள் சுடலைக்கண்ணு. எதிர்வீட்டுப் பையன், நீச்சல் புலி. "நான் ஒரு முங்கு முங்குனா மாலையோடதான் எந்திரிப்பேன்" என்று வழியெல்லாம் அளந்துகொண்டே வந்தவன்.

மாலையா? ஆமாம், அம்மனின் பவழ மாலை. கடுகளவு பவழ மணிகளை நெருக்கமாகக் கோத்து, நடுவில் ஒரு தங்கக் குண்டு வைத்த மாலை. வருடத்துக்கு ஒரு தடவை, முப்பிடாதியம்மன் கொடைத் திருவிழாவன்று மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும். முளைப்பாரி ஊர்வலத்தில் முதல் பாரியின் கழுத்தில் அதைச் சுற்றிக் கொண்டுபோவார்கள். குளத்துக்கு வந்ததும், பாரி சுமந்த பெண் முட்டளவு தண்ணீரில் இறங்கி, மாலையைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, அதன்பிறகுதான் பாரியைக் கரைக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

இந்த வருடம் முதல் பாரி ஆவுடைக்கு. கொடையன்று இதே கடைசிப் படியில் கால் வைத்தாள். வழவழவென்று ஏதோ ஒன்று கட்டைவிரலில் ஒட்டியது. அவ்வளவுதான். 'ஐயோ' என்று பாரியை அப்படியே தண்ணீருக்குள் வீசிவிட்டாள்! கையில் மிஞ்சியது பாரியில் கிடந்த பூச்சரம் மட்டும். அதைச் சுருட்டி, தட்டோடு காத்து நின்ற பூங்கனியிடம் கொடுத்து, "மாலை இதுக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். குலவைச் சத்தத்துக்கு நடுவே யார் பிரித்துப் பார்த்தார்கள்? பூங்கனி கோயிலில் பாத்திரம் விளக்கிப் பிழைக்கிறவள். நம்பி, வாங்கினபடியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தால் காய்ந்த பூதான் இருந்தது. "நான் குடுத்துட்டேன்" என்றாள் ஆவுடை. அந்த ஒரு வார்த்தையில் பூங்கனி திருடியாகிவிட்டாள். கொடையின் எட்டாம் நாள் பூசையான எட்டாம் கொடையன்று ஈரச் சேலையோடு வந்து, சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், அதோடு கோயில் வேலையும் போச்சு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. இன்றுதான் எட்டாம் கொடை. ஆவுடைக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. நேற்றுதான் ஜெபசீலியிடம் அழுதுகொண்டே உண்மையைக் கக்கினாள்.

"எறங்குதேன்" என்றாள் இப்போது, பல்லைக் கடித்துக்கொண்டு.

இறங்கினாள். சேறு கணுக்கால் வரை விழுங்கியது. விரல் இடுக்கெல்லாம் கூழ் மாதிரி பிதுங்கியது. அடியிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பி வந்த வாடை இருக்கிறதே, அழுகின முட்டையெல்லாம் அதனிடம் டியூஷன் படிக்க வேண்டும்!

சுடலைக்கண்ணு வாக்குக் கொடுத்தபடி ஒரு முங்கு முங்கினான். எழுந்தபோது தலையில் பாசி, வாயில் பாசி. காதோரத்தில் கறுப்பாக ஏதோ தொங்கியது.

"லே சுடல, ஒங் காதுல கம்மலு!" என்று சிரித்தாள் ஜெபசீலி.

தொட்டுப் பார்த்தான். அட்டை! நீச்சல் புலி போட்ட கூச்சலில் ஆலமரத்துக் காகமெல்லாம் பறந்தன. தட்டுத் தடுமாறிக் கரையேறியவன், ஜெபசீலி கொண்டுவந்திருந்த உப்பைக் காதில் அப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "இனி நான் கரையில இருந்து யோசன சொல்லுதேன்" என்றான். ஆண்பிள்ளைச் சிங்கம்!

இரண்டு பெண்களும் அரித்தார்கள். ஆவுடையின் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துவந்த மாவுச் சல்லடையால் அடிச்சேற்றை அள்ளி, வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டி அலசினார்கள். (அந்த வீட்டில் இடியாப்பம் சாப்பிடக் கூப்பிட்டால், நான் சொல்கிறேன், போகாதீர்கள்.) தட்டில் வந்து விழுந்ததெல்லாம் என்ன? நெளிகிற கொசுப்புழு. எலி வால் போல நீள வாலை ஆட்டிக்கொண்டு சேற்றைத் தின்னும் வெள்ளைப் புழு. முதுகு நிறைய முட்டைகளை ஒட்டிச் சுமந்துகொண்டு திரியும் ஒரு தட்டைப் பூச்சி.

"இது ஆம்பளட்டீ! பொம்பளப் பூச்சி இவன் முதுகுல முட்டைய ஒட்டிட்டுப் போயிருமாம். முப்பத்தெட்டாம் பக்கம்!" ஜெபசீலி பரவசமாக 'டிக்' போட்டாள்.

ஆவுடைக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நாம தேடுதது மாலை. நீ என்னன்னா பூச்சிக்குப் பேரு வச்சுக்கிட்டு இருக்க. மணி ஒம்பதாகப் போவுது! மூணு நாளா நானும் ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து, குச்சிய விட்டுத் துழாவிப் பாத்துட்டேன். போட்ட எடத்துல இல்லட்டி. பாரி மெதந்து எங்கயோ போயிருக்கு. இவ்வளவு பெரிய குளத்துல எங்க போயி..."

ஜெபசீலி தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆவுட... இந்தக் குச்சி நடக்குது பாரு."

ஒரு விரல்கடைக்கும் குறைந்த நீளத்தில் ஒரு குச்சி. உண்மையில் குச்சியில்லை, ஒரு குழாய். மணலும் இலைத்துணுக்கும் ஒட்டிக் கட்டிய குழாய். அதன் ஒரு முனையிலிருந்து கறுத்த தலையும் ஆறு கால்களும் நீண்டு, வீட்டையே இழுத்துக்கொண்டு நகர்ந்தன. அழுக்கு நிறத்தில், வழவழப்பாக, பார்க்கவே சகிக்காத ஒரு புழு. ஆனால் அதன் வாயோரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு!

ஆவுடை மூச்சை நிறுத்திக் குனிந்தாள். பொட்டின் நடுவில் நூல் நுழைகிற துளை.

"பவழம்!"

ஜெபசீலி அவசர அவசரமாகப் பக்கம் புரட்டினாள். உரக்கப் படித்தாள்: "'கூடு கட்டும் புழு. அருகில் கிடைக்கும் மணல், குச்சி, ஓட்டுத்துண்டு எதையும் வாயில் ஊறும் பட்டுநூலால் ஒட்டித் தன் வீட்டைக் கட்டும். வளர வளர, தலைப்பக்கமாக வீட்டை நீட்டிக்கொண்டே போகும். அதிக தூரம் அலையாது.' கேட்டியா? தலைப்பக்கம்னா புதுசா ஒட்டுனது. இந்த வாரம் ஒட்டுனது!"

"அதிக தூரம் அலையாது" என்று ஆவுடை முணுமுணுத்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப, இந்தப் புழுவுகதான் நமக்கு வழி சொல்லப் போவுது!"

அதன் பிறகு வேட்டை வேறு மாதிரி ஆனது. பத்தடிக்கு ஒரு தடவை அள்ளு! தட்டில் கொட்டு! கூடு கட்டும் புழுவைப் பொறுக்கு! சிவப்பு இருக்கா? தென்கரையில் எட்டுப் புழு, ஒன்றிலும் இல்லை. நடுவில் அகப்பட்டதில் ஒன்றுக்கு மட்டும் ஒரே ஒரு மணி. வடக்கே போகப் போக இரண்டு, மூன்று. "அன்னிக்குக் காத்து வடக்கப் பாத்துதாம்லா அடிச்சுது!" என்று கரையிலிருந்து கத்தினான் சுடலைக்கண்ணு. யோசனை சொல்லுவேன் என்றவன், ஒன்றாவது உருப்படியாகச் சொன்னான்.

ஆலமரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கியிருந்த வடமூலையில் ஒரு புழு அகப்பட்டது. அதன் வீட்டில் முன்பாதி முழுக்கப் பவழம்! ராணி மாதிரி நடந்து வந்தது சனியன்.

வேர்களுக்கு இடையே பார்த்தார்கள். அங்கேதான் ஒதுங்கியிருந்தது முளைப்பாரி. அன்று ஆவுடையின் தலைமேல் தளதளவென்று அசைந்த பயிர், எட்டு நாளில் அழுகி, சாணமும் வைக்கோலுமாகக் கரைந்து, கறுத்த களியாகத் திரண்டு கிடந்தது. மேலே வெள்ளைப் பூஞ்சை. உள்ளே என்னென்னவோ நெளிந்தன. வாடை கண்ணைக் கரித்தது.

"நீ தள்ளு, நான் கைய விடுதேன்" என்றாள் ஜெபசீலி.

ஆவுடை ஒரு கணம் தள்ளி நின்றாள். மனசு 'சரி' என்று சொல்லத்தான் துடித்தது. பிறகு தலையை ஆட்டினாள். "வேண்டாம்ட்டி. வீசுனவ நான்."

கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள், முழங்கை வரைக்கும். வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை! ஏதோ ஒன்று மணிக்கட்டில் ஊர்ந்தது. இன்னொன்று கழுத்தில் வழுக்கி இறங்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, வாய் 'சீ சீ சீ' என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தது, ஆனால் கை திரும்பவில்லை. வேர்களின் கவட்டில் விரல் ஒரு நூலில் தட்டியது. இழுத்தாள். கறுத்த களியோடு சேர்ந்து வெளியே வந்தது மாலை! ஒரு பக்கம் நூல் அறுந்து சில மணிகள் உதிர்ந்திருந்தன. தங்கக் குண்டு பத்திரமாக இருந்தது.

"எடுத்தாச்சுலேய்!" என்று சுடலைக்கண்ணு கரையில் குதித்தான்.

கோயிலில் உறுமி முழங்கத் தொடங்கியது. மூவரும் ஓடினார்கள். ஓடும்போதே சுடலைக்கண்ணு சொன்னான்: "ஏ ஆவுட, வீசுனேன்னு சொல்லிராத. கொளத்துல கெடந்து எடுத்தோம்னு மட்டும் சொல்லு. ஒனக்கும் கேடு இல்ல, அக்காவுக்கும் கேடு இல்ல." ஆவுடைக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இதில் பொய் எங்கே இருக்கிறது? அப்போது அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது.

கோயில் வாசலில் ஊர் திரண்டிருந்தது. ஈரம் சொட்டுகிற சேலையோடு பூங்கனி நின்றாள். முன்னால் தட்டில் சூடம், இன்னும் ஏற்றவில்லை. சேறும் பாசியுமாக ஓடிவந்த மூன்று உருவங்களைப் பார்த்ததும் கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வழி விட்டது.

"கொளத்துல கெடந்தது!" என்று ஆவுடை மாலையை நீட்டினாள்.

கோயில் தலைவர் துண்டால் மாலையை வாங்கினார். முகர்ந்து முகம் சுளித்தார். பிறகு பூங்கனியைக் காட்டிக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தியளாய்யா! எடுத்தவ பயந்துபோயி கொளத்துல எறிஞ்சிருக்கா. அம்மன் சும்மா விடுவாளா?"

"ஆமா, ஆமா" என்றது கூட்டம். யாரோ காறித் துப்பினார்கள். பூங்கனி தரையைப் பார்த்தாள்.

ஆவுடைக்குக் குளத்தில் வராத குமட்டல் அங்கே வந்தது. அந்த அழுகல் களியைவிட நாற்றமாக ஒன்று தன் வாய்க்குள்ளேயே எட்டு நாளாகக் கிடப்பது போல இருந்தது.

"மாமா, அக்கா எறியல!" என்று கத்தினாள். "நான்தான் எறிஞ்சேன். பாசிய மிதிச்சு அருவருத்துப் போயி, மாலையக் கழத்தாமலே பாரிய வீசிட்டேன். வெறும் பூவ அக்கா கையில குடுத்து மாலைன்னு சொன்னேன். அப்புறமும் பொய்தான் சொன்னேன். சத்தியம் நான் பண்ணுதேன், சூடத்த ஏத்துங்க!"

உறுமி நின்றுவிட்டது. கூட்டத்துக்குள்ளிருந்து அவள் அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. தலைவர் மாலையை உருட்டிப் பார்த்துவிட்டு, "மணி கொறையுதே..." என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

ஜெபசீலி ஒரு தேங்காய்ச் சிரட்டையை நீட்டினாள். அதில் கொஞ்சம் குளத்துத் தண்ணீர். தண்ணீரில் பவழ வீட்டுப் புழு. "கொறையுததுல பாதி இவன் வீட்டுச் சுவத்துல இருக்கு மாமா. இவனும் இவன் சொந்தக்காரவியளும்தான் எங்களுக்கு வழி காட்டுனது." தலைவர் எட்டிப் பார்த்து, "அய்யே!" என்று இரண்டடி பின்வாங்கினார்.

பூங்கனி முன்னால் வந்தாள். அறையப் போகிறாள் என்று ஆவுடை கண்ணை மூடினாள். பூங்கனி அவள் கழுத்தில் கொழுத்துத் தொங்கிய அட்டையை இரண்டு விரலால் பிடுங்கித் தூர எறிந்தாள். சேலைத் தலைப்பால் ரத்தத்தை ஒற்றினாள்.

"அஞ்சு நாளு, புள்ள" என்றாள். "எம் மவன்கூட எம் முகத்தப் பாத்துப் பேசல." அவ்வளவுதான் சொன்னாள். ஆவுடை தேம்பித் தேம்பி அழுதாள்.

தலைவர் பூங்கனியிடம் எல்லோர் முன்னாலும் தப்பைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட வேண்டியதாயிற்று. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, கஷாயம் குடித்தவர் மாதிரி! "பெட்டிச் சாவி இனிமே எங்கிட்ட வேண்டாம். தட்டுல வைக்கத பிரிச்சுப் பாத்து வாங்க ஒரு ஆளு போடுங்க" என்று பூங்கனி கறாராகச் சொல்லிவிட்டாள். அதுவும் சரிதானே?

புழுவின் வீட்டை உடைத்து மணியை எடுக்கலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்று சொன்னதும் பூங்கனிதான். "கூலியா வச்சுக்கட்டும்."

உச்சிக்கொடை முடிந்ததும் ஆவுடை சிரட்டையை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். ஜெபசீலி படியில் உட்கார்ந்து, ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் கூடு கட்டும் புழுவுக்கு அழுத்தமாக ஒரு 'டிக்' போட்டாள். ஆவுடை கடைசிப் படியைத் தாண்டி இறங்கினாள். சேறு பிதுங்கியது. பாசி ஒட்டியது. அதே வாடை.

"இன்னும் அருவருப்பா இருக்காட்டி?" என்று கேட்டாள் ஜெபசீலி.

"அய்ய, குமட்டிக்கிட்டு வருது!" என்றாள் ஆவுடை. முட்டளவு தண்ணீர் வரும்வரை நடந்துபோய், குனிந்து, புழுவைத் தன் கையாலேயே எடுத்துத் தண்ணீரில் விட்டாள்.