ஆறுமணிக்குருவிக்கு வந்த பதில்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. பறவை பார்க்க வருபவர்களுக்கென்றே கட்டிய மரவிடுதி. வாசலில் ரப்பர் பூட்ஸ்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே காயாத துணியின் வாடை.

அக்கா விடுதியைப் பார்க்கவில்லை. வழிகாட்டியின் முகத்தையே பார்த்தாள். போன வருடம் அத்தான் இதே ஆளோடுதான் காட்டுக்குள் போனார். ஆள் மட்டும் திரும்பி வந்தான். "குருவிச் சத்தம் கேட்டுப் பாதையை விட்டு இறங்கினார், காணோம்" என்று போலீசில் சொல்லியிருந்தான்.

"மூஞ்சியப் பாரு, பச்சப் பொய்," என்றாள் அக்கா என் காதில். "நாம யாருன்னு அவனுக்குத் தெரியாது. நீ வாயை விட்டுடாத."

அக்காவைப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டி வருவதாக என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். எனக்கு அது ஒன்றுதான் கவலை.

வழிகாட்டி ஒரே ஒரு விதி சொன்னான். "உள்ள போனா யாரும் பேசக்கூடாது சார். கூப்பிடணும்னா ரெண்டு தடவை கை தட்டுங்க."

"குருவி பயந்துடுமா?"

"குருவிக்காக இல்ல."

அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

மறுநாள் விடியுமுன்பே கிளம்பினோம். நாங்கள் தேடியது ஆறுமணிக்குருவி வகையில் ஒன்று. சருகுக்குள் கிளறித் திரியும், கண்ணில் படாது. அதை வரவழைக்க ஒரு வழி உண்டு. அதன் குரலைச் சின்ன ஸ்பீக்கரில் போட வேண்டும். 'என் இடத்தில் எவன்டா அது' என்று குருவி சண்டைக்கு வரும். போட்டதும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதில்தான் சூட்சுமம். அந்த அமைதியில்தான் பதில் வரும்.

நான் ஒலிப்பதிவுக்காரன். குடை அளவுக்கு ஒரு கிண்ணம், நடுவில் மைக். கிண்ணத்தை எங்கே திருப்புகிறோமோ அங்கிருந்து வரும் சத்தம் மட்டும் குவிந்து காதுக்குள் விழும். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம்: ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நேரத்தையும் பதிவின் எண்ணையும் வாயால் சொல்லிவைப்போம். அப்போதுதான் பிறகு எது எதுவென்று தெரியும். இருபது வருடப் பழக்கம், நாக்கு கேட்கவில்லை.

"மணி ஆறு. முதல் பதிவு," என்றேன் மெதுவாக. கிண்ணத்தை அக்கா மறைத்ததால், "அக்கா, கொஞ்சம் இப்படி வா," என்றும் சொல்லிவிட்டேன்.

வழிகாட்டியின் முகம் வெளுத்தது.

அதற்குள் அவன் பொத்தானை அழுத்தியிருந்தான். ஸ்பீக்கரில் குருவி மூன்று முறை கூவியது. நிறுத்தினான்.

பூச்சிச் சத்தமும் நின்றது.

மூங்கில் புதருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"மணி ஆறு பத்து. ரெண்டாவது பதிவு."

அத்தானின் குரல். அவருக்கு இந்த வேலையையும் இந்தப் பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தவன் நான்தான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

மறுபடியும் அதே குரல். மூன்றாம் முறையும். நான் பதிவுகளைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அலைகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. உயிருள்ள தொண்டை ஒரே சொல்லை இரண்டு முறை அச்சு அசலாகச் சொல்லாது. அப்படியானால் இது பதிவு. புதரில் இன்னொரு ஸ்பீக்கர் இருக்கிறது.

"எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று வழிகாட்டியின் சட்டையைப் பிடித்தேன். "எங்க அத்தான என்ன பண்ண?"

அவன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு ஸ்பீக்கர், தண்ணீர் பாட்டில், துண்டு. அவ்வளவுதான்.

"குருவிக்கு நாம என்ன பண்றோமோ, அதை இந்தக் காட்டுல ஒண்ணு நமக்குப் பண்ணுது சார்," என்றான் கிசுகிசுப்பாக. "போலீஸ்ல இதைச் சொன்னா யார் நம்புவா? தயவு செஞ்சு பேசாதீங்க."

அப்போது புதரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அக்கா, கொஞ்சம் இப்படி வா."

என் குரல்.

திரும்பினேன். அக்கா பக்கத்தில் இல்லை.

வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நான் கத்துவது ஒவ்வொன்றும் அதன் கைக்குப் போகும். கை தட்டினேன். இரண்டு முறை. மறுபடியும் இரண்டு முறை. உள்ளங்கை எரியும்வரை தட்டினேன்.

கால் மணி நேரம் கழித்து, அந்தக் குரல் வந்த திசைக்கு எதிர்த்திசையிலிருந்து அக்கா நடந்து வந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். வழிகாட்டி அவளையே பார்த்தபடி ஓரடி பின்னால் நகர்ந்தான். வண்டியில் ஏற்றிவிடும்வரை அவள் பக்கத்தில் அவன் வரவே இல்லை.

ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதிர்ச்சி, தானாகச் சரியாகும் என்கிறார் டாக்டர். நாங்கள் பேசும்போது மட்டும் தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்கிறாள்.

இன்று காலை சமையலறையிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்."

எழுந்து போனேன்.

அங்கே அக்கா மட்டும் நின்றிருந்தாள்.

என் மனைவி வேலைக்குக் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.