எட்டாத சுவாமித்தட்டு

விடியக் காலமையே கனகலிங்கம் கதிரையை எட்டி உதைத்தான். அதில் கண்ணை மூடி இருந்த அவன் மனைவி சிவலட்சுமி குசினி வாசலில் போய் விழுந்தாள்.

“எந்தச் சபையிலயடி சேர்ந்தனி? சொல்லு, நாசமாப் போனவளே!”

வட்டக்கச்சி ஊர் முழுக்கக் கேட்கிற குரல். பெண்சாதிக்கு மார்பில் கான்சர் கட்டி வெட்டிய தழும்பு இன்னும் சிவப்பு மாறவில்லை. அது அந்த மனுசனுக்கு நினைவிருந்தால்தானே!

மூட்டிவிட்டவள் மாமியார் அன்னபாக்கியம். “நான் கண்ணால கண்டனான் தம்பி... ஆஸ்பத்திரியால வந்த நாள் தொடக்கம் சுவாமித்தட்டில விளக்குமில்லை, பூவுமில்லை. விடிஞ்சால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டாள்!”

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கனகலிங்கம் மண்வெட்டிப் பிடியை ஓங்கினான்.

கலியாணம் கட்டிய நாள் முதல் அந்தக் கை ஓங்கினால் தலையைக் கவிழ்ப்பதுதான் அவள் பழக்கம். இன்று மூச்சு உள்ளே போவது தெரிந்தது, வெளியே வருவது தெரிந்தது. பயமும் தெரிந்தது. ஆனால் அவள் எழுந்து நிமிர்ந்து நின்றாள்.

“அடிக்கிறதெண்டால் வலப்பக்கம் அடியாதேங்கோ. தழும்பு வெடிச்சிடும்.”

பிடி அந்தரத்தில் நின்றது.

“சபையுமில்லை, வேதமுமில்லை. கிளினிக்கில நேர்ஸ் மிஸ் பழக்கினவா... நோகேக்க, பயம் வரேக்க மூச்சைக் கவனிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே!”

“அப்ப விளக்கு?” மாமியார் விடவில்லை.

சிவலட்சுமி வலக்கையை உயர்த்தினாள். தோளோடு நின்றுவிட்டது. பல்லைக் கடித்துத் தூக்கிப் பார்த்தாள். சுவரில் உயர இருந்த சுவாமித்தட்டு எட்டவில்லை.

“கட்டி வெட்டினதில இருந்து இந்தக் கையை உயர்த்த ஏலாது மாமி. இடக்கையால சுவாமிக்கு விளக்கேத்திறதே? மகளின்ர கலியாணம் முடியட்டுமெண்டு கட்டியை மறைச்சனான். விதைப்பு முடியட்டுமெண்டு கையையும் மறைச்சனான்... இனி ஒண்டும் மறைக்கமாட்டன். சாவுக்கு முன்னால நிமிர்ந்து இருக்கப் பழகிறன், உங்களுக்குக் குனிவனே? இன்னொருக்காக் கை ஓங்கினால் நான் இந்த வீட்டில இருக்கமாட்டன்!”

“ஐயோ, நான் பாவி! என்ர வாய் அழுகிப்போக!” அன்னபாக்கியம் தலையில் அடித்துக்கொண்டு மருமகளைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தாள். கிட்ட வந்த பிறகுதான் தழும்பு நினைவு வந்தது. சுற்றிப் போய் இடப்பக்கமாக அணைத்தாள். சிவலட்சுமிக்கு அப்போதுதான் அழுகை உடைந்தது.

கனகலிங்கம் பிடியை முற்றத்தில் எறிந்தான். சுவாமித்தட்டைக் கழற்றி, அவள் நெஞ்சளவுக்கு இறக்கி ஆணி அடித்தான். கண்ணீர் தாடியில் வடிந்தது.

“எட்டுதே, சிவம்?”

அவள் வலக்கையால் திரியைத் தூண்டி விளக்கை ஏற்றினாள்.

“எட்டுது... ஆனால் நான் சொன்னதை மறந்திடாதேங்கோ.”