அறுபத்தோராவது நாள்

போன் அலறியது.

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு எடுத்தாள்.

"லேபர் ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மா. நேத்து நீங்க குடுத்த நஷ்டஈட்டு மனு தள்ளுபடி ஆயிடுச்சு."

"ஏன் சார்?"

"சட்டம் மாறியிருக்கும்மா. கம்பெனியோட சாவு நோட்டீஸ் கையில கிடைச்ச அறுபது நாளுக்குள்ள மனு வரணும். நீங்க குடுத்தது அறுபத்தோராவது நாள்."



"தப்பு சார். என் வீட்டுக்காரர் போயே நேத்தோட ஐம்பத்தெட்டு நாள்தான்."



"சரியா எண்ணினீங்களாம்மா?"

"எனக்கு வேற என்ன வேலை சார்?"

அரை மணியில் அவள் லேபர் ஆபீஸில் இருந்தாள்.

புருஷன் பாய்லர் ஆபரேட்டர். ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்டுக்குப் போனவரைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. விபத்து என்று கைகழுவிவிட்டார் மேனேஜர். இந்த மனுவும் போனால் இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

அதிகாரி ஃபைலைப் புரட்டினார்.

"நோட்டீஸ் வாங்கினதுக்கு அத்தாட்சி கார்டு இருக்கேம்மா. செவ்வாய்க்கிழமை வாங்கியிருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

அவள் குனிந்து பார்த்தாள்.

"இல்ல சார்... அவரோடது."

"எவரோடது?"

"செத்துப் போனவரோடது."



அதிகாரி அவசரமாக நோட்டீஸ் நகலை உருவினார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"'திங்கட்கிழமை பாய்லர் விபத்தில் உயிரிழந்த தங்கள் கணவர்...' திங்கட்கிழமையா?"

"திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் அவர் காய்ச்சல்ல வீட்டுல படுத்திருந்தார் சார்."

சொல்லும்போதே அவளுக்கு அது நினைவுக்கு வந்தது.

'உன் பேருக்குக் கம்பெனித் தபால் வந்திருக்கு. பிரிச்சுப் பாரேன்' என்று அவர் நீட்டினார். 'ஏதாவது ஃபாரமா இருக்கும், அப்புறம் பாக்கறேன்' என்று இவள் அதை பீரோ மேல் போட்டாள். அவள் பேருக்கு வந்ததை அவர் பிரிக்க மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு மரியாதை.

அன்றைக்குப் பிரித்திருந்தால்...

"நான்தான் சார் கொன்னுட்டேன்." அவள் தரையில் சரிந்து அழுதாள். "கையில குடுத்தாரு சார். ஒரு கவரைக் கிழிக்க எனக்கு நேரமில்லாம போச்சு."

"சாவுக்கு முன்னாடி வந்தது நோட்டீஸே இல்லைம்மா. உங்க அறுபது நாள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மனு செல்லும்."

அது அவள் காதில் ஏறவில்லை.

அதிகாரி போலீசுக்குப் போன் போட்டார்.

பீரோ மேல் பிரிக்காமல் கிடந்த அந்தக் கவர் மேனேஜரின் மேஜையில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை.

"சேஃப்டி வால்வைக் கட்டி வெச்சு பாய்லரை ஓட்டறீங்கன்னு மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கப் போறதா அந்த ஆபரேட்டர் உங்ககிட்ட சொன்னாரு. அதனால நாள் குறிச்சீங்க. சரியா?"

"தேதியை கிளார்க் தப்பாப் போட்டிருப்பான் சார்..."

"தபால் முத்திரையையும் அவனா குத்தினான்?"

மேனேஜர் உடைந்தார்.

"புதுச் சட்டம் சார். சாவு நடந்த அன்னிக்கே நோட்டீஸ் தபால்ல சேரணும், இல்லைன்னா அபராதம் என் தலையில. எங்க தபால் பை காலையில பத்து மணிக்கு ஒரு தடவைதான் போகும். பாய்லர் வெடிக்க பதினொண்ணு ஆகும்... அதான் முன்னாடியே பையில போட்டுட்டேன். அன்னிக்குன்னு பாத்து அவன் லீவ் போட்டுட்டான்."

"அப்ப கார்டை எதுக்கு லேபர் ஆபீசுக்கு அனுப்பினீங்க?"

"நான் அனுப்பலை சார். கிளார்க் வழக்கம்போல ஃபைலோட சேர்த்து அனுப்பிட்டான்."

வாசலில் அவள் நின்றிருந்தாள்.

"வெள்ளிக்கிழமையும் அவருக்கு உடம்பு முடியலை. 'நாலு நாள் லீவ் போட்டாச்சு, மேனேஜர் கோவிச்சுக்கப் போறார்'னு நான்தான் அனுப்பி வெச்சேன் சார்."

இன்ஸ்பெக்டரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கான்ஸ்டபிள் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

விலங்கு ஏறியது.

"சட்டத்துக்குப் பயந்துதான் சார் சீக்கிரமா அனுப்பினேன்" என்று முனகினார் மேனேஜர்.

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

"லேட்டா அனுப்பியிருந்தா அபராதத்தோட போயிருக்கும் சார். சீக்கிரமா அனுப்பினதுக்குத்தான் தூக்கு."